புதுப்பேட்டைக்குப் போகாத என்ஜின்

மயிலாப்பூருக்கு வருகிறவர்கள் கபாலீசுவரரைத் தரிசிக்கிறார்கள். மாட வீதியில் கொலுப் பொம்மையும் அப்பளமும் வாங்குகிறார்கள். லஸ் முனையில் காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தியாகராய நகர் என்றால் புடவையும் பாத்திரமும். அடையாறு என்றால் ஆலமரம். நான் இன்று உங்களை அழைத்துப் போகப்போவது இந்த மூன்று பேட்டைகளுக்குள்ளேயேதான். ஆனால் கோவிலும் கிடையாது, கடையும் கிடையாது. மோட்டார்ப் பட்டறைகள்! முகத்தைச் சுளிக்காதீர்கள். புடவையில் கிரீஸ் படாமல் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். லஸ் சர்ச் ரோடிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் வக்கீல்களும் டாக்டர்களும் கட்டிய பங்களாக்களில், வாசல் கேட்டுக்கு நேரே பின்னால், ஓட்டுக் கூரையுடன் ஒரு 'கார் ஷெட்' இருக்கும். வீட்டு மனிதர்களுக்கு இல்லாத நிழல் காருக்கு இருந்த காலம் அது! அந்த ஷெட்டுகளில் பாதி இடிந்து அடுக்கு மாடி வீடுகள் வந்துவிட்டன. மீதியில் தையற்கடையும் இட்லி மாவுக் கடையும் நடக்கின்றன. ஒன்றிரண்டில் மட்டும் இன்னும் உள்ளே ஏதோ ஒன்று தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

சென்னைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. பாரி கம்பெனி டைரக்டர்களில் ஒருவரான யார்க் துரை, 1901-ஆம் வருஷ வாக்கில் அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குத் தினந்தோறும் மோட்டாரில் போய் வந்தாராம். வழியில் எத்தனை மாடுகள் மிரண்டனவோ, அதற்குக் கணக்கு இல்லை. 1903-இல் மவுண்ட் ரோடு சிம்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். சிம்ஸன் அதற்கு முன்னால் 1840 முதல் கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த கம்பெனி. குதிரையை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் யந்திரத்தை வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிறகு 1961-இல் நம் ஊர்க் காரே ஒன்று வந்தது. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கல்கத்தாப் பக்கத்து உத்தரபாராவிலிருந்து அம்பாஸடர், பம்பாயிலிருந்து பியட், சென்னையிலிருந்து ஹெரால்டு. தேசத்தில் கார் என்றால் ஏறக்குறைய இவ்வளவுதான். அம்பாஸடர் கூட்டுக் குடும்பத்துக்கு ஏற்ற வண்டி. மாமியார், நாத்தனார், ஜமக்காளம், கூஜா எல்லாம் அடங்கும். ஹெரால்டு தனிக்குடித்தனத்து வண்டி. இருபத்தைந்து அடி இடம் கிடைத்தால் ஒரே மூச்சில் வட்டம் போட்டுத் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்த மாதிரி. ஒரு விசேஷம் பாருங்கள்: மற்றக் கார்களில் பானெட் என்றால் மேல் மூடி மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் மூடி, பக்கத்துச் சிறகுகள், விளக்குகள் எல்லாமாகச் சேர்ந்து முன்பக்கம் அப்படியே கவிழும். மெக்கானிக் முன் சக்கரத்தின்மேல் ஒய்யாரமாக உட்கார்ந்துகொண்டு, அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து காய் நறுக்குவதுபோல் வேலை செய்யலாம்.

அப்படி ஒரு ஹெரால்டின் என்ஜின் கீழே இறங்கியதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை இந்தப் பக்கத்தார் யாரும் மறக்கமாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் திறந்ததாக அரசாங்கக் கணக்கு. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தைத் தண்ணீர் தொட்டு, போக்குவரத்து நின்றது. கோட்டூர்புரத்தில் பல வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எனக்குத் தூரத்து உறவில் ஒரு மாமி இருக்கிறாள். மாடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாமியின் வயசு எழுபத்து நான்கு. கீழே ஷெட்டில் மாமாவின் ஹெரால்டு.

மாமா அதை 1967-இல் வாங்கினார். அதில்தான் மாமி புக்ககம் வந்தாள். அதில்தான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனாள். மாமா காலமாகிப் பத்து வருஷமாயிற்று. மாமி கார் ஓட்டமாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதிர்வீட்டுப் பிள்ளையை விட்டு என்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாமி கேட்ட சங்கீதம் அவ்வளவுதான் என்று அடுத்த வீட்டில் கேலி செய்வார்கள்.

தண்ணீர் வடிந்தபோது ஸ்டியரிங் சக்கரம் வரையில் சேறு. எதிர்வீட்டுப் பிள்ளை நல்லெண்ணத்தோடு, "ஒருதரம் ஸ்டார்ட் செய்து பார்க்கட்டுமா மாமி?" என்று சாவியைக் கேட்டான். மாமி தரவில்லை. "மாஸ்டர் வராமல் யாரும் தொடப்படாது" என்று சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டுவிட்டாள்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான காரியத்தை அந்த வாரம் சென்னையில் யாரும் செய்திருக்க முடியாது. ஏன் என்று கேளுங்கள். என்ஜினுக்குள் ஸிலிண்டர் என்று குழாய்கள். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய், பெட்ரோல் ஆவி கலந்த காற்றை அழுத்தும். காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஸிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டும். விட்டுக்கொடுக்க வேண்டியது பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டுதான். அது வளையும், சில சமயம் உடைந்து என்ஜின் சுவரையே பிளந்துகொண்டு வெளியே வரும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் எத்தனையோ, வெள்ளத்தில் கெடாமல் மறுநாள் காலை சாவி திருப்பியதில் கெட்டவை. இன்ஷூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்: "ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" சாதாரண பாலிஸியில் இப்படி வரும் என்ஜின் நஷ்டத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று சேர்த்து எடுக்கவேண்டும். ஐப்பசி பிறக்குமுன் வீட்டுப் பாலிஸியை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே கதை நடந்தது.

மாஸ்டர் மந்தைவெளிக்காரர். பறக்கும் ரயில் போகிறதே, அதன் தூண்களுக்கு அந்தண்டை ஒரு சந்தில் பட்டறை. பட்டறை என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வேப்ப மரம், பத்துத் தகரம், சுவரில் மாட்டிய ஸ்பானர்கள், ஒரு பிள்ளையார் படம், அதன்கீழ் எப்போதும் ஈரமாக இருக்கும் டீ கிளாஸ்கள். மாஸ்டர் வந்து என்ஜினிலிருந்து ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் கறுப்பாக இருக்கவேண்டும், அல்லது தேன் நிறம். இது டிகிரி காப்பி நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம்.

"என்ஜினை இறக்கணும் மாமி" என்றார் மாஸ்டர்.

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதுபோல் மாமிக்கு முகம் மாறிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை ராத்திரி டெலிபோனில், "அம்மா, அதைப் புதுப்பேட்டையில் போட்டுவிடு. கிடைத்தது லாபம்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்குப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

புதுப்பேட்டையை நீங்கள் பார்த்ததில்லையென்றால் ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டை வழியாகப் போனால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. அதை ஜி. பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். அங்கே புத்தம் புதுசு எல்லாம் கிடைக்கும்: ஸீட் உறை, கண்ணாடி, விளக்கு, பாட்டுப் பெட்டி. காருக்கு அது தியாகராய நகர் மாதிரி. கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதுபோல் குடும்பத்தோடு வந்து ஸீட் உறைக்கு நிறம் பொறுக்குவதைப் பார்க்கலாம். அதைத் தாண்டி மவுண்ட் ரோடைக் கடந்து கூவத்தின் பக்கம் போனால் புதுப்பேட்டை. அங்கே எல்லாம் பழசு. சுவர் முழுக்கக் கதவுகள். வாசற்படிக்கு ரேடியேட்டர். மாலை தொடுத்ததுபோல் ஸ்டியரிங் சக்கரங்கள். இடுப்பளவு உயரத்துக்கு என்ஜின்கள், ஒன்றின்மேல் ஒன்று. கார் நிறுத்திவிட்டு டீ குடித்துவந்தால் காரை அதே கடையில் துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஊரில் ஒரு பரிகாசம் உண்டு. அங்கே வயிற்றுக்குப் பாடுபடுகிற நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தப் பரிகாசம் பிடிப்பதில்லை. நியாயந்தானே? ஒரு கார் செத்துப்போனால் அதன் ஒரு கதவு கோடம்பாக்கத்தில் ஒரு டாக்ஸிக்கும், ஒரு கியர் செங்கற்பட்டில் ஒரு வண்டிக்கும் போய்ச் சேருகிறது. வேறு எங்கே இப்படி நடக்கிறது?

அங்கே என்ஜினை இறக்குவதையும் நின்று பார்த்தேன். காரின் மூக்குப் பக்கத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வயர்களைக் கத்திரித்துவிடுகிறார்கள். சங்கிலியைப் போட்டு இழுக்கிறார்கள். ஒரு டீ குடிக்கும் நேரம், என்ஜின் தரையில். திரும்பப் பொருத்தப்போவதில்லை என்றால் எந்தக் காரியமும் சுலபம்தான்.

மாமி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினாள்: "இறக்கட்டும். ஆனால் நான் பக்கத்தில் இருப்பேன்."

தை பிறந்து நாலாம் நாள், காரை இழுவை வண்டியில் கட்டி, கோட்டூர்புரம் பாலம் ஏறி, சேமியர்ஸ் ரோடு வழியாக மந்தைவெளிக்குக் கொண்டுவந்தார்கள். மாமி பின்னாலேயே ஆட்டோவில். கூட நான். வேப்ப மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வண்டிக்கும் என்றைக்காவது இது நேரலாம். அப்போது பட்டறையில் போய் நின்று, "இதைச் செய்தீர்களா, அதைச் செய்தீர்களா?" என்று கேட்கத் தெரிந்திருந்தால், மெக்கானிக் உங்களுக்கு ஒரு நாற்காலியாவது போடுவார்.

முதலில் மட்டமான தரை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பங்குனித் தேரில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தேரை இழுக்கிற ஆயிரம் பேரைவிட அந்த ஒருவர் முக்கியம். பட்டறையிலும் அப்படித்தான். ஹாண்ட் பிரேக்கை நம்பி மாஸ்டர் எந்த வண்டியையும் தொடுவதில்லை.

அடுத்தது பாட்டரி. அதில் எர்த் வயரைத்தான் முதலில் கழற்றவேண்டும். மற்ற வயரை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறிக் காரின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பெட்ரோல் குழாய். கழற்றிய வாயைக் கட்டையால் அடைத்து, சிந்தியதைத் துடைத்து, துணியைத் தூரத்தில் போட்டார்கள். சந்து முனையில் ஒருவர் பீடி பற்றவைத்தார். மாஸ்டர் கொடுத்த குரலில் அவர் பீடியோடு தெருவையே விட்டுப் போய்விட்டார்! இந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதை முதலில் இறக்காமல் குழாயைப் பிடுங்கினால் கண்ணிலேயே பீச்சி அடிக்கும். ஏ. ஸி. வாயுவையும் சும்மா திறந்துவிடக் கூடாது. அதை உறிஞ்சி எடுக்க மிஷின் இருக்கிறது. சில வண்டிகளில் என்ஜினை மேலே தூக்குவதே இல்லை. காரை உயர்த்திக் கீழ்வழியாக இறக்குகிறார்கள். மின்சாரக் கார் என்றால் அதற்கென்று பயின்றவர்களைத் தவிர வேறு யாரும் கிட்டே போகக் கூடாது.

பிறகு ரேடியேட்டர்த் தண்ணீர், ஆயில், இரண்டையும் வடித்தார்கள். ஓடி நின்ற சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பிரஷர் குக்கரின் மூடியைத் திறக்கிற கதைதான். நம் என்ஜினுக்கு அந்தப் பயம் இல்லை. அது ஒன்றரை மாதமாகச் சில்லிட்டுக் கிடந்தது.

இப்போதுதான் மாமியின் பங்கு வந்தது. என்ஜினிலிருந்து வயர்களும் குழாய்களும் கழன்று வரவர, பையன் சாக்கட்டியால் குறி போட ஆரம்பித்தான். எண்ணெய்ப் பிசுக்கில் சாக்கட்டி ஒட்டவில்லை. மாமி பையிலிருந்து பழைய புடவைக் கரைகளை எடுத்தாள். சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, எம். எஸ். நீலம். "இந்த வயருக்கு இந்த நிறம். அது போகிற இடத்திலும் அதே நிறத்தில் ஒரு துண்டு" என்றாள். மாஸ்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். "கட்டுடா" என்றார் பையனிடம்.

அடுத்த பிரச்னை போல்ட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நீளம். இடம் மாறிப்போட்டால் நீளமானது உள்ளே போய் முட்டும், குட்டையானது பிடிக்காது. இதற்காகத்தான் மாமி வீட்டிலிருந்து பழைய அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள்! கடுகு இருந்த இடத்தில் கார்புரேட்டர் நட்டு, வெந்தயம் இருந்த இடத்தில் புகைக் குழாய் நட்டு, மிளகு இருந்த இடத்தில் கியர் பாக்ஸ் போல்ட்டு. ஏழு கிண்ணமும் நிரம்பிவிட்டன. பெருங்காய வாசனையோடு போல்ட்டு எடுத்தது தன் சர்வீஸில் முதல்தரம் என்றார் மாஸ்டர்.

ஹெரால்டின் பெரிய பானெட்டை மூன்று பேர் சேர்ந்து கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். காருக்குள்ளே முன் ஸீட்டுகளை எடுத்து, நடுவில் இருந்த மேட்டு மூடியைக் கழற்றியதும் கியர் பாக்ஸ் தெரிந்தது. அதன்கீழே ஒரு ஜாக்கி. என்ஜின் போய்விட்டால் கியர் பாக்ஸுக்குத் தாங்கல் இருக்காது அல்லவா?

இனிதான் நிஜமான காரியம். என்ஜின் சின்னதுதான். 948 ஸி. ஸி.; ஸிலிண்டரின் குறுக்களவு 63 மில்லிமீட்டர், அதாவது ஒரு சின்ன டபரா அளவு. ஆனாலும் வார்ப்பிரும்பு. நூறு கிலோவுக்கு மேல். நம் வீட்டில் கிரைண்டர் கல்லைத் தூக்கியவர்களுக்கு அந்தக் கனம் கொஞ்சம் புரியும். அம்பாஸடர் என்ஜின் இன்னும் பாரம். முன்பெல்லாம் மாங்கிளையில் கயிறு கட்டி இழுப்பார்களாம். கிளை என்ன தாங்கும் என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? மாஸ்டர் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் ஒரு டன் என்று முத்திரை போட்ட செயின் பிளாக்கைத் தொங்கவிட்டிருந்தார். கிணற்று உருளையின் மூத்த அண்ணன் அது. ஒரு கையால் சங்கிலியை இழுத்தால் அங்குலம் அங்குலமாகப் பாரம் ஏறும். விட்டால் நின்ற இடத்தில் நிற்கும், வழுக்காது.

ஒரு பையன் நைலான் கயிற்றை எடுத்து வந்தான். "எடுத்துட்டுப் போ அப்பால" என்றார் மாஸ்டர். அப்போதுதான் அவருடைய இடது கையைக் கவனித்தேன். மோதிர விரல் பாதிதான் இருந்தது. மாமி கேட்டேவிட்டாள்.

"சின்ன வயசுல மாமி. வேற ஒரு பட்டறை. கயிறு அறுந்துது. விழற என்ஜினைப் பிடிக்கப் பார்த்தேன்" என்றார். "மோதிரம் வேற போட்டிருந்தேன். கல்யாணமாகி மூணு மாசம்."

பையன்கள் இருவரும் பதினெட்டைத் தாண்டியவர்கள். அதையும் மாமி முதலிலேயே விசாரித்துவிட்டாள். பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளைகளை மோட்டார்ப் பட்டறையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் காரை விட வருகிற நாம் அங்கே டீ கொண்டுவருகிற பையனின் வயசை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்? இருவரையும் மாஸ்டர் கைக்கடிகாரம், சாமிக் கயிறு, காப்பு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். தொளதொளச் சட்டையை உள்ளே செருகச் சொன்னார். மாமியைப் பார்த்து, "நீங்க நாற்காலியை இன்னும் நாலடி பின்னால போட்டுக்கணும்" என்றார். மாமி நகர்ந்தாள். அன்றைக்கு அவள் கேட்ட ஒரே உத்தரவு அதுதான்.

என்ஜினின் முன்னும் பின்னும் சங்கிலி மாட்டினார்கள். இங்கே ஒரு சூட்சுமம். கொடிக்கயிற்றில் ஈரப் புடவை போடுகிறோம். கயிறு தொய்வாக இருந்தால் பாரத்தைச் சுலபமாகத் தாங்கும். விறைப்பாக நேராக இழுத்துக் கட்டினால் ஒரு புடவைக்கே ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். என்ஜின் சங்கிலியும் அப்படித்தான். இரண்டு கிளைகளும் கொக்கியிலிருந்து செங்குத்தாக இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் பாதிப் பாரம். அகல விரிய விரிய இழுப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே 120 டிகிரி ஆகிவிட்டால், ஒவ்வொரு கிளையும் முழு என்ஜினின் பாரத்தைத் தாங்கவேண்டியிருக்கும்! மாஸ்டருக்கு டிகிரிக் கணக்கு தெரியாது. "சங்கிலி ஒசரமா இருக்கணும், கோபுரம் மாதிரி" என்றார். குரோம்பேட்டையில் 1949-இல் ராஜம் அவர்கள் தொடங்கிய எம். ஐ. டி.யில் ஆட்டோமொபைல் இஞ்சினீயரிங் படிக்கிற பிள்ளைகளும் கடைசியில் இதையேதான் படிக்கிறார்கள்.

சங்கிலி விறைத்தது. முதலில் பாரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் என்ஜினைப் பிடித்திருந்த கடைசி இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினார்கள். என்ஜினை உடனே மேலே தூக்கவில்லை. கியர் பாக்ஸின் தண்டு என்ஜினுக்குள் செருகியிருக்கும்; அது விடுபடும்வரையில் நேராக முன்பக்கம் நகர்த்தவேண்டும். அவசரப்பட்டு மேலே தூக்கினால் தண்டு வளையும். மாஸ்டர் உள்ளங்கையை என்ஜின்மேல் வைத்து, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் அசைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். விடுபட்டது.

செயின் 'கடகட'வென்று ஏறியது. என்ஜின் மண்ணும் சேறுமாய் எழும்பியது. பாரம் போனதும் காரின் மூக்கு ஸ்பிரிங்கில் தானாக மேலே எழுந்தது. பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. பாதி உயரத்தில் சங்கிலியின் ஒரு கிளை அரை அங்குலம் இடம் மாறிவிட்டது. என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெள்ளச் சுழன்றது. சின்னப் பையன் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"கையை எடுடா! விழுந்தா விழட்டும்!"

அந்த மாதிரிக் குரலை நான் மாஸ்டரிடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பையன் பின்வாங்கினான். எல்லாரும் பின்வாங்கினோம். என்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாக நின்றது. மாஸ்டர் அதைத் திரும்பக் கொஞ்சம் இறக்கி, மரக்கட்டையின்மேல் உட்காரவைத்து, சங்கிலியைச் சரிசெய்து, மறுபடியும் முதலிலிருந்து தூக்கினார். கால்மணி நேரம் கூடுதலாயிற்று. யாரும் பேசவில்லை.

"அவ்வளவு வருஷத்துக் கார். அது விழுந்தா விழட்டும்னு சொல்லிப்பிட்டேனே. மன்னிச்சுக்கணும் மாமி" என்றார் பிறகு.

"ஏம்ப்பா, நானும் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். நீ முந்திண்டுட்டே" என்றாள் மாமி.

தூக்கிய என்ஜினைப் பக்கவாட்டில் கொண்டுபோகக் கூடாது, முக்காலி சரியும். அதனால் முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டு, காரைத்தான் பின்னால் தள்ளினார்கள். என்ஜின் அந்தரத்தில் நிற்க, கார் அதனடியிலிருந்து மெதுவாக விலகிப் போயிற்று. பிறகு பழைய டயர் ஒன்றின்மேல் என்ஜினை இறக்கினார்கள். தொங்கவிட்டபடி ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. தரைக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் டீ.

ஸிலிண்டரைத் திறந்தால் உள்ளே அடையாற்று வண்டல். ஒரு ஸிலிண்டரில் காய்ந்த புல் ஒன்றுகூட இருந்தது. ஆனால் தண்டுகள் நான்கும் நேராக இருந்தன. சாவி புடவைத் தலைப்பில் இருந்த புண்ணியம். துரு பிடித்த ஸிலிண்டர்களை லேத் பட்டறையில் கொடுத்து, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் இருபது கூறு பெரிதாகக் கடைந்தார்கள். அந்த அளவுக்குப் பிஸ்டன் வேண்டுமே! வண்டலூர்க் கம்பெனி ஹெரால்டை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. கம்பெனியே 1988-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மாஸ்டர் நேரே புதுப்பேட்டைக்குப் போனார். மூன்று நாள் அலைந்தார். நாலாம் நாள், ஒரு கடையின் பரணில், காகிதம் பழுப்பேறிய பெட்டியில், நாலு பிஸ்டன்கள். புத்தம் புதுசு. பிள்ளை விற்றுவிடச் சொன்ன அதே புதுப்பேட்டை.

பங்குனியில், அறுபத்துமூவர் உற்சவத்துக்கு நாலைந்து நாள் முன்னால், என்ஜினை மறுபடி ஏற்றினார்கள். புடவைக் கரைகளில் சிவப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்தார்கள். அஞ்சறைப் பெட்டி காலியாயிற்று. ஒரு போல்ட்டு மிஞ்சவில்லை. மிஞ்சாமல் முடிந்த ரிப்பேரை நான் பார்த்தது அது ஒன்றைத்தான். பாட்டரியில் எர்த் வயரைக் கடைசியாக மாட்டினார்கள். மாமி முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள்.

முதலில் இருமிற்று. நீலப் புகை வேப்ப மரத்தைச் சூழ்ந்துகொண்டது. காகங்கள் கிளம்பின. மாஸ்டர் கார்புரேட்டரில் ஒரு திருகை அரைத் திருப்பு திருப்பினார். சத்தம் சீரடைந்தது. மாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்து நிமிஷம் கேட்டாள்.

ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்த சின்னப் பையன், அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான். மாமி அதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மந்தைவெளிப் பக்கம் போனால் பாருங்கள். பிள்ளையார் படத்துக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது. இப்போது அதில் ஏதோ மாருதி வண்டியின் போல்ட்டுகள்.